கரிமச் சேர்மங்களுக்குப் பெயர் வைக்கப் பழக எந்த வழி? ஆறு வழிகள், ஒரே பரீட்சை

பிளஸ் ஒன்னில் கரிம வேதியியல் தொடங்கியதும் முதல் ஆளாக வந்து நிற்பது பெயரிடுதல்தான். இதை எப்படிப் படிப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். முன்னுரிமை அட்டவணையை மனப்பாடம் பண்ணு, மீதி தானாக வரும் என்று ஒருவர். கொஸ்டின் பேங்க் போட்டுத் தள்ளு, அது போதும் என்று இன்னொருவர். அதெல்லாம் எதற்கு, சாஃப்ட்வேரில் வரைந்தால் பெயரை அதுவே சொல்லிவிடுமே என்று மூன்றாவது ஆள். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் மூன்று பேரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசவும் இல்லை.

பெயர் வைப்பது என்பது சில முடிவுகளை வரிசையாக எடுக்கிற வேலை. எது தலைமையான வினைச்செயல் தொகுதி (ஆல்கஹால், அமிலம் மாதிரி சேர்மத்தின் குணத்தைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டம்), எது முதன்மைச் சங்கிலி, எந்த முனையிலிருந்து எண்ணுவது, கிளைகளை எந்த வரிசையில் எழுதுவது. அவ்வளவுதான். ஒவ்வொரு படிப்பு முறையும் இதில் ஒன்றிரண்டு முடிவுகளை நம் தலையில் நன்றாக ஏற்றிவிடுகிறது, மற்றவற்றை நமக்குப் பதிலாகத் தானே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அப்படி எடுத்துக் கொடுத்த இடத்தில்தான் பரீட்சையில் உதை விழும். அதனால் ஒரு முறை எதைச் சொல்லித் தருகிறது என்பதைவிட எதைச் சொல்லித் தராமல் விடுகிறது என்று பார்த்து ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன்.

ஒப்பிட ஒரே வினாத்தாள் வேண்டும். நான்கு மூலக்கூறுகளை எடுத்துக்கொள்வோம். பேப்பரும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்துகொண்டே படித்தால்தான் இது புரியும்.

முதலாவது: நடுவில் ஒரு கார்பன், அதன் நான்கு கைகளில் ஒரு மெத்தில் (ஒரு கார்பன் கிளை), இரண்டு எத்தில் (இரண்டு கார்பன் கிளை), ஒரு ஹைட்ரஜன். சரியான பெயர் 3-மெத்தில்பென்டேன். ஆனால் நான்கு கார்பனைப் படுக்கை வரிசையில் போட்டு ஓர் எத்திலைக் கீழே தொங்கவிட்டுக் காட்டினால் நிறையப் பேர் யோசிக்காமல் 2-எத்தில்பியூட்டேன் என்று எழுதுவார்கள். கண் நேர்கோட்டை நம்பிவிடுகிறது.

இரண்டாவது: பத்து கார்பன் சங்கிலி, மூன்று மெத்தில் கிளைகள். இடப்பக்கத்திலிருந்து எண்ணினால் 2,7,8. வலப்பக்கத்திலிருந்து எண்ணினால் 3,4,9. எது?

மூன்றாவது: நான்கு கார்பன், ஒரு முனையில் ஆல்டிஹைடு (CHO), அங்கிருந்து எண்ணினால் மூன்றாவது கார்பனில் ஹைட்ராக்சில் (OH). பெயர் 3-ஹைட்ராக்சிபியூட்டனேல்.

நான்காவது கொஞ்சம் வில்லங்கமானது. ஒரு கார்பனில் ஓர் எத்தில், ஒரு புரொப்பைல் (மூன்று கார்பன் கிளை), அப்புறம் இரட்டைப் பிணைப்பால் பிடித்த இன்னொரு கார்பன். இதை ஏன் வில்லங்கம் என்கிறேன் என்று பின்னால் சொல்கிறேன்.

அட்டவணை மனப்பாடம்

பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது இதுதான். முதல் நாளே கார்பன் எண்ணிக்கையைச் சொல்லும் மெத், எத், புரொப், பியூட் என்று பத்து வரைக்கும் ஒப்பித்தல், இரண்டாம் நாள் முன்னுரிமை அட்டவணை, அதாவது ஒரு மூலக்கூறில் பல தொகுதிகள் இருந்தால் எது தலைமை என்று சொல்லும் வரிசை. கார்பாக்சிலிக் அமிலம், சல்ஃபோனிக் அமிலம், எஸ்டர், அமில ஹாலைடு, அமைடு, நைட்ரைல், ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால், அமீன் என்று ஏணி மாதிரி இறங்கும். அதற்கு ஒரு நினைவுக் குறிப்பு வாக்கியம் வேறு, அது எப்போதும் அசல் அட்டவணையைவிடக் கஷ்டமாக இருக்கும்.

மூன்றாவது மூலக்கூறை இந்த முறை சுலபமாகத் தாண்டிவிடும். ஆல்டிஹைடு மேலே, ஆல்கஹால் கீழே, அதனால் பின்னொட்டு ஏல், தோற்றுப்போன ஹைட்ராக்சில் முன்னொட்டாகப் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் இங்கேயே ஒரு ஓட்டை இருக்கிறது. வரிசையை மட்டும் ஒப்பித்தவர்களுக்கு யார் ஜெயித்தது என்று தெரியும், தோற்ற தொகுதிக்கு என்ன பெயர் என்று தெரியாது. ஆல்கஹால் தோற்றால் ஹைட்ராக்சி, கீட்டோன் தோற்றால் ஆக்சோ, அமீன் தோற்றால் அமினோ, நைட்ரைல் தோற்றால் சயனோ. அட்டவணையை எழுதும்போதே ஜெயித்தால் இது, தோற்றால் இது என்று இரண்டு பத்தியாக எழுதி வைத்தால்தான் அதற்கு அர்த்தம். குளோரோ, புரோமோ, நைட்ரோ, மெத்தாக்சி இவையெல்லாம் இந்தப் போட்டிக்கே வராதவை, எப்போதும் முன்னொட்டுதான். இதைத் தனியாகச் சொல்லாததால் ஹாலஜனுக்குப் பின்னொட்டு எங்கே என்று அட்டவணையில் தேடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

தொடக்கநிலைக்கு அத்தனை வரிசையும் தேவையே இல்லை. அமிலம், எஸ்டர், ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால், அமீன், இந்த ஆறு போதும், பள்ளிப் பாடத்தில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். சல்ஃபோனிக் அமிலத்தை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் சுமை.

முதல் மூலக்கூறுக்கு வருவோம். அட்டவணை இங்கே ஒன்றும் செய்யாது. "நீளமான சங்கிலியைத் தேர்ந்தெடு" என்ற விதி அவர்களுக்கு நன்றாகத் தெரியும், கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள், சொல்லிவிட்டு 2-எத்தில்பியூட்டேன் என்று எழுதுவார்கள். விதி தெரிவதும் சங்கிலி கண்ணில் படுவதும் வேறு வேறு. மனப்பாடத்துக்கு எதிரி இல்லை நான், ஆனால் இந்த வழி மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் அவரிடம் கோணல்மாணலாக வரைந்த ஓர் ஆல்கேனை (ஒற்றைப் பிணைப்பு மட்டும் உள்ள ஹைட்ரோகார்பன்) கொடுத்துப் பாருங்கள்.

பொதுப்பெயரிலிருந்து தொடங்குவது

இந்த வழிக்கு ஒரு கவர்ச்சி உண்டு. பெயர்களுக்குக் கதை இருக்கிறது. ஃபார்மிக் அமிலம் எறும்பிலிருந்து, அசிட்டிக் அமிலம் வினிகரிலிருந்து, பியூட்டிரிக் அமிலம் வெண்ணெயிலிருந்து, கேப்ரோயிக் அமிலம் ஆட்டிலிருந்து. கதையோடு படித்தால் மறக்காது என்பது உண்மைதான். கடைகளிலும் ஆய்வகத்திலும் பாட்டிலின் மேல் ஒட்டியிருப்பதும் இந்தப் பெயர்கள்தான். கொரோனா காலத்தில் பல சானிடைசர் பாட்டில்களில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்றுதான் போட்டிருந்தது.

சிக்கல் எங்கே என்றால், கதை சேர்மத்துக்குச் சேர்மம் மாறும், அமைப்போடு அதற்குச் சம்பந்தமில்லை. ஆட்டை நினைத்தால் கேப்ரோயிக் அமிலத்தில் ஆறு கார்பன் என்று தெரியப்போவதில்லை. 1892-இல் ஜெனீவாவில் வேதியியலாளர்கள் கூடி முறையான பெயரிடல் வேண்டும் என்று உட்கார்ந்ததற்குக் காரணமே இதுதான். சேர்மங்கள் பெருகப் பெருகக் கதைகள் தீர்ந்துபோயின. அப்புறம் 1919-இல் ஐயூபேக் (IUPAC) என்ற உலக வேதியியல் அமைப்பு உருவாகி அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டது.

கிளையின் வடிவத்தை ஐசோ, நியோ என்று சொல்கிற பழைய ஏற்பாடு எவ்வளவு தூரம் தாங்கும் என்று நம் முதல் மூலக்கூறை வைத்தே பார்க்கலாம். பென்டேனுக்கு மூன்று மாற்றியங்கள் (ஒரே வாய்பாடு, வேறு வேறு அமைப்பு): நார்மல் (கிளை இல்லாதது), ஐசோ, நியோ, மூன்று பெயரும் சரியாகப் போதும். ஹெக்சேனுக்கு ஐந்து. நார்மல் ஒன்று, ஐசோ ஒன்று, நியோ ஒன்று போனால் மீதி இரண்டு அநாதையாக நிற்கும், அதில் ஒன்றுதான் நம்முடைய 3-மெத்தில்பென்டேன். ஆறாவது கார்பனிலேயே வண்டி நின்றுவிடுகிறது.

இன்னொரு கூத்து. பெட்ரோலின் தரத்தைச் சொல்லும் ஆக்டேன் எண் பேசும்போது ஐசோஆக்டேனுக்கு 100 என்று வைத்திருக்கிறார்கள், நார்மல் ஹெப்டேனுக்குப் பூஜ்யம். அந்த ஐசோஆக்டேன் என்பது 2,2,4-ட்ரைமெத்தில்பென்டேன். ஐசோ என்ற முன்னொட்டின் வழக்கமான அர்த்தப்படி (இரண்டாவது கார்பனில் ஒரு மெத்தில்) பார்த்தால் அது 2-மெத்தில்ஹெப்டேனாக அல்லவா இருக்க வேண்டும்? தொழில்துறையில் பழகிப்போன பெயர், யாரும் மாற்றப்போவதில்லை. ஐசோபுரொப்பனால் என்று எழுதுவதும் இப்படித்தான், ஐசோபுரொப்பேன் என்று ஒன்று இல்லவே இல்லை, அப்புறம் அதிலிருந்து எப்படி ஓர் ஆல்கஹால் வரும்? ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று முழுதாகச் சொல்லலாம், அல்லது புரொப்பேன்-2-ஆல் எனலாம், இரண்டையும் பாதிப் பாதி ஒட்ட வைக்கக் கூடாது.

ஆனால் பொதுப்பெயர்களை முழுசாக ஒதுக்கவும் முடியாது. ஐயூபேக்கின் 2013 பரிந்துரைகளில் அசிட்டிக் அமிலம் என்பதே முன்னுரிமைப் பெயராக இருக்கிறது, எத்தனாயிக் அமிலம் இல்லை. டொலுவீன், பீனால், அனிலீன், பென்சாயிக் அமிலம் இவையும் அப்படியே. அசிட்டோனுக்கு மட்டும் புரொப்பேன்-2-ஓன் முன்னால் நிற்கிறது. இதில் தர்க்கம் தேடினால் தலைவலிதான் வரும். ஆகவே ஒரு இருபது பொதுப்பெயரைப் பட்டியலாக வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கற்றுக்கொள்வது நல்லது, ஆனால் அதுவே தொடக்கமாக இருக்க வேண்டாம். நான்கு பரீட்சையில் ஒன்றைக்கூட இந்த வழியால் தாண்ட முடியாது.

கொஸ்டின் பேங்க்

நீட்டுக்கு இன்னும் ஒரு மாதம்தான் என்றால் இதுதான் வழி, அதில் எனக்கு வாதம் இல்லை. நான்கு விடை கொடுத்திருப்பார்கள், இரண்டைக் கிளைகளின் ஆங்கில அகரவரிசையை வைத்தே தள்ளிவிடலாம். மெத்தில் முன்னால் எத்தில் பின்னால் இருந்தால் அது தவறான விடை, டை (இரண்டு), ட்ரை (மூன்று) என்பவற்றை அகரவரிசையில் கணக்கெடுக்கக் கூடாது, இப்படிச் சில பொறிகள்தான் திரும்பத் திரும்ப வரும். பத்து நாளில் அவை பழகிவிடும்.

ஆனால் இந்த வழியில் படித்த ஒருவரிடம் நான்கு விடைகளை மறைத்துவிட்டு அமைப்பை மட்டும் கொடுத்தால் கை நிற்கும். விடைகளில் சங்கிலி எது என்பது ஏற்கெனவே எழுதியிருக்கிறது அல்லவா, அதைத் தேடவேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. கூட, இங்கேதான் "குறைந்த கூட்டுத்தொகை" என்ற குறுக்குவழி பரவுகிறது. எண்களைக் கூட்டிப் பார், எது சிறியதோ அது சரி. பெரும்பாலான கேள்விகளில் அது சரியான விடையையே தரும், அதனால்தான் உயிரோடு இருக்கிறது.

நம் இரண்டாவது மூலக்கூறில் அது கவிழ்கிறது. 2,7,8 கூட்டினால் 17. 3,4,9 கூட்டினால் 16. கூட்டுத்தொகைக்காரர் 3,4,9 என்று எழுதுவார். சரியான பெயர் 2,7,8-ட்ரைமெத்தில்டெக்கேன். விதி சொல்வது கூட்டச் சொல்லி அல்ல. இரண்டு எண் வரிசையையும் பக்கத்தில் வைத்து இடமிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடு, முதன்முதலில் எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கே எது சிறியதோ அது வெற்றி. 2-க்கும் 3-க்கும் இடையிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது, மீதி எண்களைப் பார்க்க வேண்டியதே இல்லை. பார்த்தால் கூட்டுவதைவிட இதுதான் சுலபம், இருந்தும் ஏன் அந்தக் குறுக்குவழியைச் சொல்லித் தருகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சாஃப்ட்வேர்

கெம்ட்ரா என்ற வேதி வரைபட மென்பொருளில் வரைந்து ஒரு கட்டளை கொடுத்தால் பெயர் வந்துவிடும், ஆனால் அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. பப்கெம் என்ற வேதித் தரவுத் தளத்தில் வரையும் பலகை இலவசம். ஆப்சின் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான இலவசக் கருவி ஒன்று இருக்கிறது, அது தலைகீழ்: பெயரைக் கொடுத்தால் அமைப்பை வரைந்து காட்டும்.

பதில் சரிபார்க்க இவை அருமையானவை. கற்றுக்கொள்ள? நான்கு முடிவுகளையும் இயந்திரமே எடுத்துவிடுகிறது, நம் பங்குக்கு வரைவது மட்டும்தான். வரையும்போது ஒரு மூலையை, அதாவது ஒரு கார்பனை, குறைத்துப் போட்டால் அதற்கும் ஒரு பெயரைத் தைரியமாகச் சொல்லும், நீ தப்பாக வரைந்திருக்கிறாய் என்று சொல்லாது. ஆப்சினிலும் இதே கதை. 2-எத்தில்பியூட்டேன் என்று கொடுத்துப் பாருங்கள், முகம் சுளிக்காமல் 3-மெத்தில்பென்டேனின் படத்தை வரைந்து தரும். பெயர் எந்த அமைப்பைக் குறிக்கிறது என்பதுதான் அதன் வேலை, பெயர் முறையானதா என்பது அதன் கவலை இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் "ஆப்சின் ஏற்றுக்கொண்டது, அதனால் என் விடை சரி" என்று வாதாடினால் மதிப்பெண் போகும்.

பப்கெம்மிலும் மாணவரைக் குழப்புகிற ஒன்று உண்டு. வினிகரின் அமிலத்தைத் தேடினால் ஐயூபேக் பெயர் என்ற இடத்தில் அசிட்டிக் அமிலம் என்றே இருக்கும். பள்ளியில் எத்தனாயிக் அமிலம் என்று எழுதினால்தான் மதிப்பெண். இரண்டும் தப்பில்லை, மேலே சொன்ன 2013 விவகாரம்தான்.

இப்போது நான்காவது மூலக்கூறு. பள்ளிப் பாடங்களில் வழக்கமாகச் சொல்லித்தரும் விதிப்படி இரட்டைப் பிணைப்பு முதன்மைச் சங்கிலிக்குள் இருந்தாக வேண்டும், அதனால் ஐந்து கார்பன் சங்கிலியை எடுத்து 2-எத்தில்பென்ட்-1-ஈன் என்று எழுதுவோம். 2013 பரிந்துரைகளில் இந்த இடம் மாறிவிட்டது: இரட்டைப் பிணைப்பைவிடச் சங்கிலியின் நீளத்துக்கு முதலிடம். எத்தில், நடுக் கார்பன், புரொப்பைல் சேர்ந்தால் ஆறு, ஆகவே 3-மெத்திலிடீன்ஹெக்சேன். எந்தக் கருவி எந்தப் பதிப்பின் விதியைப் பின்பற்றுகிறதோ அதன்படி பெயர் வரும், அது பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். தேர்வு எழுதுகிறவர்கள் பாடப்புத்தகத்தின் பக்கமே நில்லுங்கள். சாட்பாட்களிடம் கேட்பதைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லப்போவதில்லை, கிளை அதிகமான மூலக்கூறில் அவை கார்பனைத் தப்பாக எண்ணிவிட்டு மிகுந்த நம்பிக்கையோடு விளக்கமும் தரும், அவ்வளவுதான்.

பெயரிலிருந்து அமைப்பு

அமைப்பைக் கொடுத்துப் பெயர் கேட்பதற்குப் பதிலாகப் பெயரைக் கொடுத்து வரையச் சொல்வது. தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் கட்சி. 4-எத்தில்-2,2-டைமெத்தில்ஹெக்சேன் என்று ஒரு பெயர். கடைசியிலிருந்து படிக்க வேண்டும். ஹெக்சேன், ஆறு கார்பனைப் போடு. டைமெத்தில் 2,2, இரண்டாவது கார்பனில் இரண்டு மெத்தில். நான்காவதில் ஓர் எத்தில். மீதியை ஹைட்ரஜனால் நிரப்பு. ஐந்து நிமிடத்தில் பெயரின் இலக்கணம் புரிந்துவிடுகிறது, பயமும் போய்விடுகிறது.

ஆனால் சரியான பெயர்களை மட்டும் கொடுத்தால் இதிலும் சங்கிலி தேடும் வேலை விடுபட்டுப் போகும், பெயரே சொல்லிவிடுகிறதே. அதற்கு மருந்து, தப்பான பெயர்களைக் கொடுப்பது. 2-எத்தில்பியூட்டேன் என்று கொடுத்து வரையச் சொல்லுங்கள், வரைந்த பிறகு அதற்கு நீயே பெயர் வை என்று சொல்லுங்கள். தாளைத் திருப்பிப் பார்க்கும்போது ஐந்து கார்பன் கண்ணில் பட்டுவிடும். 3-புரொப்பைல்பென்டேன் வரைந்தால் உண்மையில் அது 3-எத்தில்ஹெக்சேன். 1-மெத்தில்பியூட்டேன் வரைந்தால் வெறும் பென்டேன், முனைக் கார்பனில் மெத்தில் கிளை என்று ஒன்று இருக்கவே முடியாது என்பது அந்த ஒரே படத்தில் பதிந்துவிடும். பியூட்டேன்-1-ஓன் வரைந்தால் முனையில் கீட்டோன் இல்லை, ஆல்டிஹைடு, அதாவது பியூட்டனேல்.

முதல் பரீட்சையில் நேராக அடித்து ஜெயிக்கிற வழி இதுதான். இரண்டாவதையும் தாண்டலாம், 3,4,9-ட்ரைமெத்தில்டெக்கேன் என்று கொடுத்து வரையச் சொன்னால் மறுமுனையிலிருந்து எண்ணிப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். மூன்றாவதற்கு அந்தச் சின்ன அட்டவணை உடன் வேண்டும்.

மாற்றியங்களை எழுதித் தீர்ப்பது

ஒரு மூலக்கூறு வாய்பாட்டை எடுத்து அதன் எல்லா மாற்றியங்களையும் வரைந்து எல்லாவற்றுக்கும் பெயர் வைப்பது. ஆறு வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, சொல்லித்தர ஆள் இல்லாமல் வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு முதல் சிபாரிசும் இதுதான். காரணம் எளிது: எத்தனை வர வேண்டும் என்பது முன்பே தெரியும், அதனால் திருத்துவதற்கு ஆசிரியர் வேண்டாம்.

ஹெக்சேனில் தொடங்குங்கள். ஐந்து வர வேண்டும். முதல் தடவை எழுதுகிற யாருக்கும் ஐந்து வராது, ஏழெட்டு வரும். இப்போது ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டும். ஹெக்சேன், 2-மெத்தில்பென்டேன், 3-மெத்தில்பென்டேன், 2,2-டைமெத்தில்பியூட்டேன், 2,3-டைமெத்தில்பியூட்டேன். ஆறாவதாக வரைந்தது 4-மெத்தில்பென்டேன் என்று வந்தால் மறுமுனையிலிருந்து எண்ணுங்கள், 2-மெத்தில்பென்டேன், ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. ஏழாவது 2-எத்தில்பியூட்டேனா? அது 3-மெத்தில்பென்டேன். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் இரண்டு படமும் ஒரே பொருள். அதாவது எதற்காக இந்த விதிகளைப் போட்டார்களோ அந்தப் பயனை நீங்களே கையால் தொட்டுப் பார்க்கிறீர்கள்: ஒரு பொருளுக்கு ஒரு பெயர், ஒரு பெயருக்கு ஒரு பொருள். மற்ற எந்த வழியிலும் இது இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை, விதி என்பது ஆசிரியர் போட்ட கட்டளை என்கிற எண்ணமே போய்விடும்.

அடுத்தது ஹெப்டேன், ஒன்பது. அதோடு ஆல்கேனை நிறுத்துங்கள். ஆக்டேனுக்குப் பதினெட்டு, பொழுதுபோகாதவர்கள் செய்யலாம். டெக்கேனுக்கு 75, யாரும் செய்ய வேண்டாம்.

அப்புறம் ஐந்து கார்பன் ஆல்கீன்கள் (ஓர் இரட்டைப் பிணைப்பு உள்ளவை). சிஸ், டிரான்ஸ் (இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கம், எதிர்ப் பக்கம்) பார்க்காமல் எண்ணினால் ஐந்து: பென்ட்-1-ஈன், பென்ட்-2-ஈன், 2-மெத்தில்பியூட்-1-ஈன், 3-மெத்தில்பியூட்-1-ஈன், 2-மெத்தில்பியூட்-2-ஈன். பென்ட்-2-ஈனுக்கு மட்டும் சிஸ், டிரான்ஸ் உண்டு, சேர்த்தால் ஆறு. இதில் எண்ணை எந்த முனையிலிருந்து போடுவது என்ற முடிவைக் கிளை எடுக்காது, இரட்டைப் பிணைப்பு எடுக்கும் என்பது பழகிவிடும். பிறகு நான்கு கார்பன், பத்து ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன்: ஏழு. நான்கு ஆல்கஹால், மூன்று ஈத்தர் (இரண்டு கார்பனுக்கு நடுவில் ஆக்சிஜன் உள்ளவை). ஈத்தர்களைப் பெரும்பாலோர் மறந்துவிட்டு நான்கோடு நிறுத்துவார்கள், எண்ணிக்கை குறைவது அவர்களுக்கே தெரிந்து தேடுவார்கள்.

குறை இல்லாமல் இல்லை. நேரம் பிடிக்கும், ஒரு மாலை முழுக்க ஹெப்டேனே ஓடிவிடும். இரண்டு வினைச்செயல் தொகுதி உள்ள மூலக்கூறுகளுக்குப் போனால் மாற்றியங்கள் ஏராளமாகப் பெருகும், நம் மூன்றாவது பரீட்சைக்கு இந்த வழியில் போய்ச் சேர நினைத்தால் நோட்டு தீர்ந்துவிடும். பொறுமை இல்லாத பிள்ளையிடம் இதைக் கொடுத்தால் வேதியியலையே வெறுத்துவிடலாம்.

தமிழ்வழியில் படிக்கிறவர்களுக்கு

இரண்டு மூன்று இடங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஆல்கஹாலின் எத்தனாலும் ஆல்டிஹைடின் எத்தனேலும் தமிழில் ஓர் எழுத்தில்தான் வேறுபடும், கையெழுத்துக் கோணினால் திருத்துகிறவருக்குப் பொருளே மாறிவிடும். அதைவிட முக்கியம் அகரவரிசை. கிளைகளை அடுக்கும்போது ஆங்கில எழுத்து வரிசைதான் கணக்கு, தமிழ் வரிசை அல்ல. தமிழில் கு முன்னால், பு பின்னால் என்று குளோரோவை முதலில் எழுதினால் தவறு. ஆங்கிலத்தில் புரோமோதான் முந்தும், அதனால் 1-புரோமோ-2-குளோரோஎத்தேன். அயோடோவும் அப்படித்தான், தமிழில் அ என்று முதலில் வரத் துடிக்கும், ஆங்கிலத்தில் குளோரோவுக்கும் எத்திலுக்கும் பின்னால்தான் அதற்கு இடம். கிளைப்பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்துக்கூட்டலோடு ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். நீட் தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் கூடவே அச்சாகியிருக்கும் என்பதால் சந்தேகம் வந்தால் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.

சரி, யார் எதை எடுப்பது?

பிளஸ் ஒன் தொடக்கத்தில் இருக்கிறீர்கள், நேரம் இருக்கிறது என்றால் முதலில் பெயரிலிருந்து அமைப்பு, இரண்டே நாள். அடுத்து மாற்றியங்கள், ஹெக்சேனில் தொடங்கி ஈத்தர் வரைக்கும். அதற்கு அப்புறம் ஆறு வரிசை அட்டவணை, ஜெயித்த பெயர் தோற்ற பெயர் இரண்டோடும். அட்டவணையை மூன்றாவதாக வைப்பதுதான் வழக்கத்திலிருந்து நான் விலகுகிற இடம். சங்கிலியைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அட்டவணை ஒரு மாலையில் ஏறும், சங்கிலி தெரியாத கண்ணுக்கு எத்தனை அட்டவணை கொடுத்தாலும் முதல் கேள்வியிலேயே சறுக்கும்.

தேர்வு நெருங்கிவிட்டது என்றால் கொஸ்டின் பேங்க்கோடு போங்கள், ஆனால் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் நீங்களே பெயரை எழுதுங்கள், பிறகு கையை எடுங்கள். கூட்டுத்தொகைக் குறுக்குவழியை இன்றே மறந்துவிடுங்கள். கல்லூரியிலோ மருந்துக் கம்பெனியிலோ வேலைக்காகத் திரும்பப் படிக்கிறவர்களுக்குப் பொதுப்பெயரும் சாஃப்ட்வேரும் அன்றாடத் தேவை, அவர்கள் அந்த இரண்டையும் ஒதுக்க முடியாது. சாஃப்ட்வேரை எல்லோரும் வைத்துக்கொள்ளலாம், பென்சிலால் பெயரை எழுதி முடித்த பிறகு திறக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

கீழே சில தப்பான பெயர்கள் தருகிறேன். வரையுங்கள், சரியான பெயரை வையுங்கள்: 2,4,4-ட்ரைமெத்தில்பென்டேன், பியூட்-3-ஈன், பென்டேன்-4-ஆல், 1-எத்தில்புரொப்பேன், 2-எத்தில்-2-மெத்தில்புரொப்பேன். கடைசியாக 2-மெத்தில்பியூட்-2-ஐன் (ஐன் என்றால் முப்பிணைப்பு). இந்தக் கடைசிப் பெயருக்குத் திருத்தமே கிடையாது, இரண்டாவது கார்பனின் பிணைப்புகளை எண்ணிப் பார்த்தால் ஐந்து வரும்.